உப்பு மண்ணும் மழைத்தண்ணீர்ச் செடியும்

பழவேற்காட்டுப் பக்கம் தண்டோ இலையோ கொஞ்சம் சதைப்பிடிப்பாக இருக்கிற செடியைக் கண்டால் போதும், "இது உப்புல நல்லா வரும்" என்று சொல்லிவிடுவார்கள். எங்கள் குப்பத்தில் என் வீட்டுத் தொட்டிகளைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் சொல்வதும் அதைத்தான். இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததே. பங்குனி, சித்திரையில் ஏரி உள்வாங்கி, சேற்றுத் திட்டுகள் உப்புப் பூத்து வெளுத்துக் கிடக்கும்போது அங்கே உயிரோடு நிற்பது உமரிதான். பச்சையும் சிவப்புமாகத் திரண்டிருக்கும். கிள்ளினால் சாறு வரும், நாக்கில் வைத்தால் கரிக்கும். அதைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்குச் சதைச்செடி என்றால் உப்புச்செடி என்று தோன்றுவது இயல்புதான்.

ஆனால் நான் இங்கே எழுதப்போகிற செடிக்கு உப்பு எமன். உமரி பிழைக்கிற மண்ணில் வைத்தால் இது ஒரு கோடையைத் தாண்டாது. அப்படியிருந்தும் கிழக்கே கடலும் மேற்கே ஏரியுமாக இருக்கிற மணல் மேட்டில் இதை நன்றாக வளர்க்க முடிகிறது. எப்படி என்று கேட்பவர்கள் கூடிக்கொண்டே இருப்பதால் விரிவாக எழுதிவிடுகிறேன்.

செடியின் தாவரவியல் பெயர் பிளெக்ட்ராந்தஸ் எர்ன்ஸ்டியை. வெளிநாட்டுச் செடிக்கடைகளில் போன்சாய் மின்ட் என்று விற்கிறார்கள். நான் எர்ன்ஸ்டியை என்றே சொல்லிப் பழகிவிட்டேன். சென்னையில் சதைச்செடி சேர்க்கிற நண்பர் ஒருவர் கொடுத்த தண்டுத் துண்டிலிருந்து வந்தவைதான் என்னிடம் இருக்கிற எல்லாமே. ஒரு சாண் உயரந்தான் வளரும். அடித்தண்டு கணுவுக்குக் கணு உருண்டு, ஜெபமாலை மணிகளை நெருக்கிக் கோத்ததுபோல் இருக்கும். பட்டை சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம். அந்த முண்டும் முடிச்சுமான அடியிலிருந்து மெல்லிய கிளைகள் கிளம்பி, கட்டைவிரல் நகம் அளவுக்கு, பூனைமயிர் படர்ந்த இலைகளை விடும். தேய்த்து முகர்ந்தால் கற்பூரவல்லிக்குப் பக்கத்தில் வருகிற ஒரு வாசனை. பூ சின்னது, வெள்ளையாகவோ வெளிர் ஊதாவாகவோ இருக்கும், மேலுதடும் கீழுதடும் பிரிந்து நிற்கும். சின்னத் தொட்டிக்குள் வயசான ஒரு மரம் உட்கார்ந்திருக்கிற தோற்றம் இதற்கு வளைக்காமலேயே, கம்பி கட்டாமலேயே வந்துவிடுகிறது. எனக்கு இதன்மேல் பிடிப்பு வந்தது அதனால்தான்.

அடுத்த தெரு ஆயா ஒருவர் ஓர் இலையைக் கிள்ளி மூக்கில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"இன்னா கண்ணு, கற்பூரவல்லி வாசன வருது, எல மட்டும் இத்துனூண்டு கீது?"

"அதுக்கு ஒறவுதான் ஆயா. ஒரே குடும்பம்."

"அப்போ கொழந்தைக்குச் சளி புடிச்சா சாறு எடுத்துக் குடுக்கலாமா?"

"வேணாம் ஆயா. சளிக்கு நம்ம கற்பூரவல்லியே போதும். இது பாக்கறதுக்கு மட்டும்."

இதை இங்கேயும் அழுத்திச் சொல்கிறேன். வாசனை ஒத்துப்போகிறது என்பதற்காக ஒரு செடியை மருந்தாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கற்பூரவல்லிக்குப் பல தலைமுறைப் பழக்கம் இருக்கிறது. இதற்கு நம்மிடம் அப்படி எதுவும் கிடையாது.

ஆயாவிடம் நான் சொன்ன உறவு உண்மையானது. துளசி, புதினா, தும்பை, திருநீற்றுப்பச்சிலை, பேய்மிரட்டி, கற்பூரவல்லி எல்லாமே இந்தப் புதினாக் குடும்பம்தான். இளந்தண்டை விரலால் உருட்டிப் பாருங்கள், நான்கு பட்டையாக இருக்கும். இலைகள் எதிரெதிராக ஜோடி சேர்ந்து நிற்கும், அடுத்த ஜோடி அதற்குக் குறுக்கே. பழவேற்காட்டில் 17ஆம் நூற்றாண்டு டச்சுக் கல்லறைகளைப் பார்க்கப் போகிறவர்கள் மழைக்குப் பிந்திய நாட்களில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் தும்பை பூத்திருந்தால் ஒரு காம்பை எடுத்துப் பாருங்கள், எல்லா அடையாளமும் அதிலேயே தெரியும்.

இந்தக் குடும்பத்தில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது, தண்ணீரையும் சத்தையும் சேர்த்து வைக்க ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தைத் தேர்ந்துகொண்டிருப்பது. கற்பூரவல்லி இலையிலும் இளந்தண்டிலும் சேர்க்கிறது, அதனால்தான் அதன் இலை ஒடித்தால் நொறுக்கென்று உடைகிறது. திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் பொங்கல் சமயத்தில் சந்தைக்கு வருகிற சிறுகிழங்கு மண்ணுக்கடியில் சேர்க்கிறது. அதைக் கழுவித் தோல் சீவிச் சாப்பிடுகிறவர்கள் பலருக்கும் அது துளசிக்குச் சொந்தம் என்பது தெரியாது. மருந்துக்கூர்க்கன் என்று சேலம் பக்கம் ஒப்பந்த முறையில் பயிரிடப்பட்ட செடி வேரில் சேர்க்கிறது. 1970களில் இந்திய ஆய்வாளர்கள் அந்த வேரிலிருந்து பிரித்தெடுத்த ஃபோர்ஸ்கோலின் உலகமெங்கும் ஆய்வகங்களில் பயன்படும் பொருளாகிவிட்டது. எர்ன்ஸ்டியை தேர்ந்தெடுத்தது தண்டை, அதுவும் மண்ணுக்கு மேலே நம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்.

இனி உப்பு விஷயத்துக்கு வருகிறேன். உமரியும் சதைச்செடிதான், எர்ன்ஸ்டியையும் சதைச்செடிதான். இரண்டும் சதை போட்ட காரணம் வேறு. உமரி நிற்கிற இடத்தில் தண்ணீருக்குக் குறைவில்லை, அந்தத் தண்ணீரில் உப்பு இருப்பதுதான் தொல்லை. உறிஞ்சும்போது உப்பும் கூடவே உள்ளே வரும். அந்த உப்பை அது ஒவ்வொரு செல்லின் நடுவே இருக்கிற நீர்ப்பைக்குள் ஒதுக்கி அடைத்துவிட்டு, மேலும் மேலும் தண்ணீரை இழுத்து அதை நீர்க்கச் செய்கிறது. செல் வீங்குகிறது, இலை திரள்கிறது. கடற்கரை ஊர்களில் உமரிக்கீரை சமைக்கிறவர்கள் உப்புப் போடாததற்கு அதுதான் காரணம். எர்ன்ஸ்டியை வந்த இடத்திலோ உப்பே இல்லை, மழை இல்லாத மாதங்கள்தான் தொல்லை. பெய்கிறபோது குடித்து, தண்டில் பூட்டி வைத்து, பெய்யாதபோது கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கப் பழகியது அது. உப்பை ஒதுக்கி வைக்கிற ஏற்பாடு அதனிடம் இல்லை. ஆகவே உப்புத் தண்ணீரை ஊற்றினால், அதே பருத்த தண்டு உப்பையும் சேமிக்கிற பாத்திரமாகிவிடும். இலை ஓரம் முதலில் கருகும், பிறகு நுனி, பிறகு கிளை கிளையாகக் காயும். வாடுகிறதே என்று இன்னும் தண்ணீர் ஊற்றினால் உப்புதான் இன்னும் ஏறும்.

அது வந்த இடம் எது? தென்னாப்பிரிக்காவில் குவாஸுலு-நட்டால் மாகாணத்தின் தென்பகுதியும் அதை ஒட்டிய கிழக்குக் கேப் பகுதியும். ஆறுகள் அறுத்த ஆழமான பள்ளத்தாக்குகளில், மணற்பாறைச் செங்குத்துகளின் விளிம்பிலும் இடுக்கிலும் முளைக்கிறது. ஓரிபி பள்ளத்தாக்கு அவற்றில் பெயர்பெற்றது. கிர்ஸ்டன்போஷ் தாவரவியல் தோட்டத்தில் பணியாற்றிய எர்ன்ஸ்ட் வான் யார்ஸ்வெல்ட் என்பவரின் பெயரை 1980களின் தொடக்கத்தில் எல். ஈ. கோட் என்ற தாவரவியலாளர் இதற்குச் சூட்டினார். ஓரிபி, கடற்கரை நகரமான போர்ட் ஷெப்ஸ்டனிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. அந்தக் கரையும் இந்தியப் பெருங்கடலின் கரைதான். சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல் 1860 நவம்பரில் டர்பனில் இறக்கிய ஒப்பந்தக் கூலிகளில் தொடங்கி, 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நட்டாலுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். நட்டாலின் தென்கரைக் கரும்புத் தோட்டங்களிலும் அவர்கள் உழைத்தார்கள். நம் ஆட்கள் கரும்பு வெட்டிய கடற்கரைக்குச் சற்று உள்ளே, பாறை உச்சியில் இந்தச் செடி இருந்திருக்கிறது என்று நினைக்கும்போது, வெளிநாட்டுச் செடி என்று இதை ஒதுக்கிப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

பாறை இடுக்குச் செடி என்பதை மனதில் வைத்துக்கொண்டால் வளர்ப்பு முறை முக்கால்வாசி தானாகப் புரியும். அங்கே மண் ஒரு கைப்பிடிகூட இருக்காது. மழை பெய்தால் அடுத்த நிமிடம் வடிந்துவிடும். வேருக்குக் காற்று கிடைக்கும். பாறை மணற்பாறை என்பதால் சுண்ணாம்பு குறைவு. மழை கோடையில் வரும், குளிர்காலம் வறண்டது.

நம் ஊரில் முதல் கேள்வி தண்ணீர். பழவேற்காடு ஏரியில் ஐப்பசி, கார்த்திகையில் ஆரணியாற்று வெள்ளம் வந்து சேரும்போது தண்ணீர் கிட்டத்தட்ட நன்னீராகிவிடும். கோடையில் முகத்துவாரம் மணலடித்துத் தூர்ந்துபோனால், ஆவியாகி ஆவியாகிக் கடலைவிட அதிகமாகக் கரிக்கும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதைத் தாண்டுகிற ஏரித் தண்ணீருக்கும் கடலுக்கும் நடுவில்தான் எங்கள் கிணறும் அடிபம்பும் இருக்கின்றன. துணி அலசவே யோசிக்கிற தண்ணீர் அது. கேன் தண்ணீர் உப்பில்லாததுதான், ஆனால் குடிக்கிற தண்ணீருக்குப் பெண்கள் குடத்தோடு காத்திருக்கிற ஊரில் அதை அழகுச் செடிக்கு ஊற்றுவதை நான் ஏற்கமாட்டேன். மீன் ஐஸ் பெட்டியிலிருந்து வடிகிற தண்ணீரையும் கேட்கிறார்கள். மீன் இரத்தமும் உப்பும் கலந்த அது எந்தத் தொட்டிக்கும் ஆகாது.

மீதி இருப்பது மழை. தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். நிலத்தடிக்குப் போகிறது போகட்டும், கூரைக்குழாயின் வாயில் ஒரு நீலப் பீப்பாயை வையுங்கள். முதல் மழையைப் பிடிக்காதீர்கள், கூரையில் மாதக்கணக்காகப் படிந்த கடல்காற்றின் உப்பு அதோடு வரும். அது கழுவிப் போகட்டும், அடுத்த மழையிலிருந்து பிடியுங்கள். மூடி போட்டு, கொசு புகாமல் வாயைத் துணியால் கட்டி நிழலில் வைத்தால் நன்றாக இருக்கும். சந்தேகம் இருந்தால் டிடிஎஸ் மீட்டர் ஒன்றை வாங்கி அளந்து பாருங்கள், எங்கள் கிணற்றுத் தண்ணீருக்கும் பீப்பாய்த் தண்ணீருக்கும் உள்ள இடைவெளி ஒரே பார்வையில் விளங்கிவிடும். இந்தச் செடியின் பெரிய வசதி, அது கேட்பது மிகவும் குறைவு. கையளவுத் தொட்டிக்கு ஒரு டம்ளர் போதும், அதுவும் மண் முழுக்கக் காய்ந்த பிறகு. முருங்கையையோ மல்லிகையையோ வருடம் முழுவதும் மழைநீரில் வளர்க்க முடியாது. இதை முடியும். உப்புத் தண்ணீர் ஊரில் இருக்கிறவர்களுக்கு இந்தச் செடியைத்தான் நான் முதலில் சிபாரிசு செய்வேன். உப்பைத் தாங்கும் என்பதால் இல்லை. ஒரு பீப்பாய் நல்ல தண்ணீரில் ஒரு வருடத்தை ஓட்டிவிடும் என்பதால்.

மண் கலவையில் இரண்டு பொருளை நம் பக்கத்து ஆட்கள் கையோடு எடுத்துவிடுவார்கள்: கடற்கரை மணல், மட்டி ஓடு. இரண்டுமே வேண்டாம். கடல் மணலை எவ்வளவு அலசினாலும் அதில் ஓட்டுத்தூள் மிஞ்சும். ஓடு முழுக்கச் சுண்ணாம்பு. இந்த ஏரியின் ஓட்டுப் படிவுகளை வெட்டிச் சுண்ணாம்புக்காக அனுப்பிய காலம் ஒன்று உண்டு. மணற்பாறைச் செடியின் வேருக்கு அந்தச் சுண்ணாம்பு ஒத்துவராது, இலை மஞ்சளடிக்கும். உடைத்த செங்கல் ஜல்லி, அதிலும் தூளைச் சலித்து எடுத்துவிட்டு மிளகிலிருந்து பட்டாணி வரையுள்ள துண்டுகள், பாதிக்கு மேல் இருக்கட்டும். மீதியில் ஆற்று மணலும், கொஞ்சம் மக்கிய இலையுரமும். தேங்காய் நார்க்கழிவு போடுவதாக இருந்தால் மழைநீரில் பலமுறை ஊறவைத்துப் பிழிந்து போடுங்கள், அதிலும் உப்பு இருக்கும். மீன் கழிவும் வெல்லமும் சேர்த்துப் புளிக்கவைக்கிற மீன் அமிலம் முருங்கைக்கும் காய்கறிக்கும் அருமையான உரம், எங்கள் ஊரில் அதற்கு மூலப்பொருள் தேடவே வேண்டாம். எர்ன்ஸ்டியைக்கு அது அதிகப்படி. தழைச்சத்து கூடினால் கிளை நீளும், இலை பெருக்கும், தண்டு பருக்காது. மழைக்காலம் முடிந்ததும் ஒரு சிட்டிகை மண்புழு உரம் போட்டால் போதும்.

தொட்டி ஆழமில்லாமல், வேருக்கு நெருக்கமாக இருக்கட்டும். ஓட்டை பெரிதாக இருக்கட்டும். தெர்மாகோல் மீன் பெட்டிகள் கரையோரம் உடைந்து கிடக்கும், அவற்றை நன்றாகக் கழுவி அடியில் துளையிட்டுப் பல துண்டுகளைச் சேர்த்து நடலாம். சித்திரை வெயிலில் சிமென்ட் தொட்டி கொதிக்கும், தெர்மாகோலில் வேர் வேகாது. பழைய பெட்டிகள் உதிர்ந்து ஏரியில் மிதக்காமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

எந்தப் பக்கம் வைப்பது என்பதில்தான் எனக்கு அதிக நேரம் செலவாகிறது. காலை வெயில் இதற்கு மிகவும் நல்லது, ஆனால் எங்களுக்குக் கிழக்கு என்பது கடல். மதியத்துக்கு மேல் எழும்புகிற கடல்காற்று கண்ணுக்குத் தெரியாத உப்புத்துளிகளைக் கொண்டுவந்து பூனைமயிர் இலைகளில் படியவைக்கும். வழவழப்பான இலையிலிருந்து வழிந்துவிடும், இதில் தங்கிவிடும். மேற்குப் பக்கம் வீடு காற்றை மறைக்கும், ஆனால் ஏரியிலிருந்து எதிரொளிக்கிற பிற்பகல் வெயில் சுட்டெரிக்கும். வடக்குச் சுவரை ஒட்டி, கிழக்கே அரைச்சுவர் மறைக்கிற ஒரு மூலை எனக்குச் சரிப்பட்டது. மேலே கிழிந்த சுத்துவலையை நான்கைந்து மடிப்பாகக் கட்டியிருக்கிறேன். ஒரு மடிப்பு நிழலே தராது, மடிப்புக் கூடக்கூட வெயில் வடிகட்டி விழும். கடையில் பச்சை நிழல்வலை வாங்கலாம், ஆனால் மீன்பிடிக்கத் தகுதியிழந்த வலை இருக்கிற ஊரில் அதற்குத் தேவை இல்லை. வாரம் ஒருமுறை மாலையில் இலைமேல் மழைநீரைத் தெளித்து உப்பைக் கழுவிவிடுங்கள்.

அதன் ஊரில் கோடை மழை என்றேன். நமக்கு அடைமழை ஐப்பசி, கார்த்திகையில். செடி இந்த மாற்றத்தை ஏற்றுக்கொள்கிறது, வெயில் தணிந்து ஈரம் வந்தால் வளரத் தொடங்கிவிடுகிறது. ஆனால் நாள்கணக்கில் கொட்டுகிற மழையில் நனையவிடக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இந்தக் கரை நெடுக மழையும் காற்றும் ஓயாமல் அடித்தன. அப்படிப்பட்ட நாட்களில் இது வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும். மற்ற மழை நாட்களில் சன்ஷேடுக்கு அடியில் போதும். பருத்த கணுவை மெல்ல அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நிறைந்திருக்கிறது. லேசாகச் சுருங்கியிருந்தால் தாகம், தண்ணீர் ஊற்றலாம். கொழகொழவென்று அமுங்கி நிறம் கறுத்தால் அழுகல், அந்தக் கணுவுக்கு மேலே நல்ல பகுதியாகப் பார்த்து உடனே வெட்டி எடுத்துவிடுங்கள், அதிலிருந்து புதுச்செடி வந்துவிடும். கோடையில் மாவுப்பூச்சி கணு இடுக்குகளில் வெள்ளையாக ஒட்டும். பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தெடுத்து, மாலையில் வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தடவினால் அடங்கும்.

தண்டு பருப்பதற்கு வெளிச்சம், நெருக்கமான வேர், தண்ணீருக்கும் தண்ணீருக்கும் நடுவே உண்மையான காய்ச்சல், இந்த மூன்றும் வேண்டும். நுனியைக் கிள்ளக் கிள்ளக் கீழே பக்கக்கிளை விடும், சத்து அடியிலேயே நிற்கும். தொட்டி மாற்றும்போதெல்லாம் பழைய மட்டத்தைவிட விரலளவு மேலே தூக்கி நட்டால், மண்ணுக்குள் மறைந்திருந்த உருண்டைகள் வெளியே தெரியும். அப்படி வெளியே வந்த பட்டை வெயில் பட்டுச் சாம்பல் நிறத்துக்கு மாறுகிற காலம்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

அடினியம் வளர்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். அதில் விதையிலிருந்து வந்த செடிதான் அழகாகப் பருக்கும், தண்டை வெட்டி நட்டால் அடி சரியாகத் திரளாது. எர்ன்ஸ்டியையில் அந்தக் கவலை இல்லை. இரண்டு மூன்று கணு உள்ள துண்டை வெட்டி, வெட்டுவாயை நிழலில் உலரவிட்டு, ஈரமான ஜல்லிக் கலவையில் குத்தினால் வேர்விடும், நாளாக நாளாக அதுவும் அடி பருக்கும். ஆகவே இதைப் பரப்ப யாரும் மலையிலிருந்து பிடுங்கி வர வேண்டியதில்லை. இணையத்தில் காட்டில் தோண்டியது என்று பெருமையாக விற்கிற பருத்த செடிகளை வாங்காதீர்கள். ஒரு பாறை விளிம்பில் பல வருடம் உட்கார்ந்து திரண்டதை நம் வரவேற்பறைக்காகப் பெயர்ப்பது எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை.

துண்டு வைக்கச் சரியான காலம் தை, மாசி. மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, பீப்பாயும் நிறைந்திருக்கும். எங்கள் குப்பத்திலும் ஏரிக்கு அந்தப் பக்கமும் கேட்கிறவர்களுக்கு அப்போதுதான் கொடுக்கிறேன். கொடுக்கும் முன், வீட்டில் மழைநீர் பிடித்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்பேன். இல்லை என்கிறவர்களுக்குக் கற்பூரவல்லித் துண்டு ஒன்றைக் கொடுத்து, கூரைக்குழாய்க்குக் கீழே ஒரு பீப்பாய் வைத்துவிட்டு அடுத்த தையில் வரச் சொல்கிறேன்.